காபி நேரத்தில் அறுந்த இணைப்பு

பத்து மணி நாலு நிமிஷத்துக்கு எல்லாம் நின்றுபோனது.

லேப்டாப் திரையில் ஒரு சின்ன வட்டம் சுற்றிச் சுற்றி வந்தது. பிறகு அதுவும் ஓய்ந்து, ஒரே ஒரு வரி வந்து உட்கார்ந்தது: ‘சர்வருடன் தொடர்பு கிடைக்கவில்லை.’

ஃப்ரீடா அந்த வரியை முறைத்தாள். அதை எழுதியவளே அவள்தான். இருபத்தோரு வயதில், அப்பாவின் உதிரிபாகக் கடைக்காக ஒரு குளிர்காலம் முழுக்க உட்கார்ந்து எழுதிய புரோகிராம். ஏன் கிடைக்கவில்லை, யார் மேல் தப்பு என்று ஒரு குறிப்பாவது போட்டிருக்கலாம். அந்த வயதில் தன் வேலை தவறிப்போகும் என்றே அவளுக்குத் தோன்றவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேஜையில் அப்பா பெர்ன்ஹார்ட் போட்ட பந்தயம் உங்களுக்கு நினைவிருக்கும். மறந்தவர்களுக்காக இரண்டு வரி. ஃப்ரீடா சொந்த ஊர் கிளைன்ஃபெல்டை விட்டு வினிபெக் நகரத்துக்குக் குடிபோக நினைக்கிறாள். புருஷன் வெஸ் ஆகஸ்டிலேயே அங்கே பஸ் ஒர்க்ஷாப்பில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான். வேலைகூட இரண்டாம்பட்சம். மகள் ஹேசலுக்கு ஏழு வயது, பிறவியிலேயே காது கேட்காது. ஊர்ப் பள்ளியில் இடைவேளை நேரத்தில் சுவரோரம் தனியாக நிற்கிற குழந்தை. வினிபெக்கில் காது கேளாத பிள்ளைகளுக்கான பள்ளியில் அவளுக்கு ஓர் இடம் கிடைத்திருக்கிறது. வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் சரி என்று சொல்லாவிட்டால், அந்த இடம் பட்டியலில் அடுத்த பிள்ளைக்குப் போய்விடும்.

இன்றுதான் அந்த வெள்ளிக்கிழமை.

“ஒரு நாள் பாப்போம். நீ அங்க உக்காந்து இங்க கடையை ஓட்டு. காலையில எட்டு மணியிலேர்ந்து சாயங்காலம் கடை மூடற வரைக்கும். ஒரு தடவைகூட சறுக்கக் கூடாது. சறுக்கினா, அடுத்த அறுவடை முடியற வரைக்கும் இந்தப் பேச்சே வேண்டாம்” என்று அப்பா சொல்லியிருந்தார். தான் கம்ப்யூட்டரைத் தொடப் போவதில்லை, தம்பி கோர்னியும் தொடக் கூடாது, அவன் வண்டியில் சாமான் கொண்டுபோய்க் கொடுப்பதோடு சரி என்பதும் நிபந்தனையில் சேர்த்தி.

ஃப்ரீடா ஒப்புக்கொண்டாள். செப்டம்பர் மாதம், ஊர் முழுக்க கோதுமை நிற்கிறது. அறுவடை இயந்திரத்தில் ஒரு பெல்ட் அறுந்தால் ஒரு நாள் போச்சு, மழை வந்தால் வருஷமே போச்சு. பதினாலாயிரம் சாமான் எந்தத் தட்டில், எந்த இயந்திரத்துக்கு என்பது அந்தப் புரோகிராமுக்குத் தெரியும், அதைவிட்டால் ஃப்ரீடாவுக்குத் தெரியும். கடையை நட்டாற்றில் விட்டுவிட்டு வருவதற்கு அவளுக்கு மனசு வராது.

ஏற்பாடு ஒன்றும் பெரிய வித்தை இல்லை. சாமான் விவரம் முழுக்கக் கடையின் பின்னறைக் கம்ப்யூட்டரில் இருக்கிறது. அதுதான் சர்வர். கடையின் இணையப் பெட்டிக்கு வெளியுலகில் ஒரு விலாசம் உண்டு, நாலு எண்களாக. ஃப்ரீடாவின் லேப்டாப் அந்த விலாசத்தைத் தேடிப் போய்க் கதவைத் தட்ட வேண்டும். நேற்று மாலை அவளே எல்லாவற்றையும் சரிபார்த்து, விலாசத்தைப் பதிந்துகொண்டு, கடையைப் பூட்டிவிட்டு வினிபெக்கில் வெஸ் தங்கியிருக்கிற வீட்டுக்கு வந்தாள். காலை எட்டு மணிக்குத் தட்டியதும் கதவு திறந்தது. ஒன்பதே முக்காலுக்குள் ஆறு வாடிக்கையாளர். அங்கே கல்லாப் பக்கத்துப் பிரிண்டரில் சீட்டு வந்து விழுந்தபோது போனில் அப்பா “ம்” என்றார். அவர் வாயில் அது பாராட்டு.

இப்போது அது செத்துக் கிடந்தது.

பாஸ்வேர்டை மறுபடி அடித்தாள். லேப்டாப்பை அணைத்து எழுப்பினாள். வீட்டு இணையத்தை விட்டுவிட்டு கைபேசி இணையத்தில் போட்டுப் பார்த்தாள். அதே மொட்டை வரி. கடைக்குப் போன் போட்டால் மணி அடித்துக்கொண்டே இருந்தது. பத்து மணிக்கு அப்பா கூட்டுறவுக் கடையில் கிழவர்களோடு காபி குடிக்கப் போவார், அது உலகத்துக்கே தெரியும். கோர்னி எங்கோ ஒரு பேரிங் கொண்டுபோயிருக்கிறான்.

பத்து இருபத்தெட்டுக்கு அப்பா போனை எடுத்தார்.

“அப்பா, பின் ரூம்ல பெட்டி எரியுதான்னு பாருங்க. பச்சை விளக்கு.”

போய்ப் பார்த்துவிட்டு வந்தார். “எல்லாம் பச்சையாத்தான் இருக்கு.”

“கம்ப்யூட்டர்?”

“ஓடுது. உர்ருன்னு சத்தம் வருது.”

“நடுவுல கரண்ட் போச்சா?”

“கரண்டா? போகலையே. ஏன், வேலை செய்யலையா?” என்று கேட்டார். கேட்ட குரலில் கவலையைவிட வேறு ஏதோ தூக்கலாக இருந்த மாதிரி ஃப்ரீடாவுக்குப் பட்டது.

அதற்குள் கிணற்று லோவன் வந்துவிட்டார். கிளைன்ஃபெல்டில் ஏப் லோவன் என்ற பெயரில் நாலு பேர். கிணறு தோண்டியவர் கிணற்று லோவன், இன்னொருவர் தாடி லோவன், இப்படி ஆளுக்கொரு பட்டப்பெயர். புரோகிராமில்கூட அப்படித்தான் பதிந்திருக்கிறது. கிணற்று லோவனின் இயந்திரம் வயல் நடுவில் நின்றுவிட்டதாம், கதிர் இழுக்கிற பக்கத்துப் பெல்ட் வேண்டுமாம். ஃப்ரீடா கண்ணை மூடிக்கொண்டு யோசித்தாள். மூன்றாவது வரிசை, கீழிருந்து இரண்டாவது தட்டு, நீலப் பெட்டிக்குப் பின்னால். அப்பா போய்ப் பார்த்து எடுத்துக் கொடுத்தார். “இதுக்கு எதுக்கு வினிபெக்லேர்ந்து கம்பி இழுக்கணும்? இவ தலையே போதுமே” என்று லோவன் சிரித்தது போனில் கேட்டது. அப்பாவும் சிரித்தார். ஃப்ரீடாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

அடுத்தவர் கேட்ட சாமான் நினைவில் இல்லை. அதற்கடுத்தவர் கேட்டது எந்தத் தட்டு என்பதில் தப்பு நேர்ந்தது. அப்பா ஏணியில் ஏறி இறங்கி மூச்சு வாங்குவது போனில் கேட்டபோது அவளுக்குத் தன் மேலேயே ஆத்திரமாக வந்தது.

பதினொன்றேகாலுக்கு கோர்னி திரும்பி வந்தான். நிபந்தனைப்படி அவன் எதையும் தொட வேண்டாம், தன் கைபேசியைக் கடை இணையத்தில் போட்டு ஒரு பக்கத்தைத் திறந்து கடையின் வெளி விலாசம் என்ன எண் என்று வாசித்தால் போதும் என்றாள். அவன் வாசித்தான். ஃப்ரீடா தன் காகிதத்தைப் பார்த்தாள். கடைசி இரண்டு எண்களும் வேறு.

வீடு மாறிவிட்டிருக்கிறது. அவள் இத்தனை நேரமும் பழைய வீட்டுக் கதவைத் தட்டிக்கொண்டிருந்திருக்கிறாள்.

புது விலாசத்தைப் போட்டதும் ஒரு நொடியில் திறந்துகொண்டது. சந்தோஷப்படுவதற்குப் பதில் அவளுக்குக் கோபம்தான் வந்தது. பெட்டி அணைந்து எரிந்தால் ஒழிய அந்த விலாசம் மாறாது. கரண்ட் போகவில்லை என்கிறார் அப்பா. அப்படியானால் இணையக் கம்பெனிக்காரன்தான் ஏதோ குளறுபடி செய்திருக்கிறான்.

கம்பெனிக்குப் போன் போட்டாள். உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம் என்று ஒரு குரல் சொன்னது. நாற்பது நிமிஷம் அது முக்கியமாகவே இருந்தது. ஒரு பக்கம் அந்தச் சங்கீதம் ஒலிக்க, மறுபக்கம் வீட்டுப் போனில் அப்பா சாமான் எண் சொல்ல, இரண்டு காதையும் இரண்டு ஊருக்குக் கொடுத்துவிட்டு அவள் சீட்டு அடித்துக்கொண்டிருந்தாள். கடைசியில் ஒரு பையன் வந்தான். மரியாதையானவன். கணக்கைத் திறந்து பார்த்துவிட்டு, உங்கள் பெட்டி பத்து மணி மூன்று நிமிஷத்திலிருந்து பத்து இருபத்தைந்து வரை அணைந்திருந்தது மேடம் என்றான்.

“கரண்ட் போகலையேப்பா.”

“அப்ப யாராவது அணைச்சிருப்பாங்க மேடம்.”

யாரும் அணைக்கவில்லை, கடையில் ஆளே இல்லை என்று அவள் சண்டை பிடித்தாள். அவன் பொறுமையாகக் கேட்டுக்கொண்டான். பிறகு, “இப்பவும் அணைஞ்சுதான் இருக்கு மேடம், பன்னெண்டு மணி ரெண்டு நிமிஷத்திலேர்ந்து” என்றான்.

ஃப்ரீடா திரையைப் பார்த்தாள். சின்ன வட்டம் சுற்ற ஆரம்பித்திருந்தது.

பன்னிரண்டு மணி. மத்தியானச் சாப்பாட்டுக்கு முக்கால் மணி நேரம் கடை மூடுகிற நேரம். காலையில் பத்து மணி, காபிக்குப் போன நேரம். இரண்டு தடவையும் கடையைப் பூட்டிவிட்டுக் கடைசியாக வெளியே போனவர் ஒரே ஆள்தான்.

அப்பா வேண்டுமென்றே செய்கிறார்.

நம்ப முடியவில்லை. ஆனால் நம்பாமலிருக்கவும் முடியவில்லை. ‘பச்சையாத்தான் இருக்கு’ என்று சொன்ன குரல் ஞாபகம் வந்தது. ஹேசலைத் தோளில் தூக்கிக்கொண்டு ஊர் சுற்றுகிற மனுஷர். அந்தக் குழந்தைக்காக அறுபத்தெட்டு வயதில், தடித்த விரல்களை மடக்கி, கையால் பேசக் கற்றுக்கொண்டவர். அவரா இப்படி?

ஒரு மணிக்கு அப்பா போனை எடுத்தார். எல்லாம் பச்சை என்றார் மறுபடியும். ஃப்ரீடா ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் போனில் ஒரு பதில் சொல்வார், அதோடு முடிந்துவிடும். அவளுக்கு அவர் முகத்தைப் பார்த்துக் கேட்க வேண்டியிருந்தது. எழுந்தால் பந்தயம் போச்சு என்பதும் தெரியும். ஆனால் எதிராளி ஏமாற்றுகிற பந்தயத்தில் உட்கார்ந்திருப்பதில் மட்டும் என்ன லாபம்?

மறுபடி மாறியிருந்த விலாசத்தைக் கோர்னியிடம் கேட்டுப் போட்டு, ஒன்றரை மணிவரை இருந்த மூன்று வாடிக்கையாளரை முடித்துக் கொடுத்தாள். பிறகு லேப்டாப்பைப் பையில் போட்டுக்கொண்டு காரை எடுத்தாள். நெடுஞ்சாலையில் தானிய லாரிகள் ஒன்றன் பின் ஒன்றாக ஊர்ந்தன. முந்தவும் வழி இல்லை. ஒன்றேகால் மணி நேரப் பாதை ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் இழுத்தது. வழி நெடுக, சொல்ல வேண்டியதை எல்லாம் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தாள். காரில் சொன்னபோது எல்லாம் நன்றாகத்தான் வந்தது.

கிளைன்ஃபெல்ட் வந்து சேர்ந்தபோது மூன்று மணி பத்து நிமிஷம். கடைக் கதவில் ‘மூன்றரைக்கு வருவோம்’ அட்டை தொங்கியது. சாயங்காலக் காபி. தன் சாவியால் திறந்துகொண்டு உள்ளே போனாள்.

இருட்டு. சத்தமே இல்லை. கடையில் எப்போதும் ஏதாவது ஒன்று முனகிக்கொண்டிருக்கும், குளிர்பானப் பெட்டியாவது, பிரிண்டராவது. இப்போது எதுவும் இல்லை. பின்னறைக்குப் போனாள்.

சுவரில் வரிசையாக ஒன்பது ஆணிகள். ஒவ்வொன்றிலும் ஒரு பிளக் தலைகீழாகத் தொங்கியது. சர்வருடையது, இணையப் பெட்டியுடையது, பிரிண்டர், கெட்டில், வெல்டிங் இயந்திரம், எல்லாமே. ஒவ்வொரு வயரையும் சிக்கல் இல்லாமல் சுருட்டி மாட்டியிருந்தது. வேண்டுமென்றே ஒன்றைப் பிடுங்குகிற ஆள் கெட்டிலை எதற்குப் பிடுங்க வேண்டும்?

அந்த ஆணிகளை அவள் இருபது வருஷமாகப் பார்த்திருக்கிறாள். துருப்பிடித்தவை. சுவருக்கு இரண்டு தடவை பெயின்ட் அடித்தபோது அவற்றின் மேலும் சேர்த்து அடித்திருக்கிறது. எதற்காக என்று அவள் ஒரு நாளும் கேட்டதில்லை.

பின்னால் கதவு திறந்தது. அப்பா தொப்பியைக் கழற்றிக்கொண்டே வந்தவர், மகளைப் பார்த்து நின்றார்.

“நீ எப்படி இங்க?” என்றவர், “யாருக்காவது உடம்பு சரியில்லையா?” என்று கேட்டார்.

காரில் ஒத்திகை பார்த்த வசனம் ஒன்றும் வரவில்லை. “ஏம்ப்பா இதையெல்லாம் பிடுங்கினீங்க?” என்று மட்டும் கேட்டாள்.

“கடையில ஆள் இல்லாதப்ப பிடுங்காம என்ன பண்றது?”

அவர் ஆச்சரியமாகத்தான் கேட்டார். கதவைப் பூட்டாமல் எப்படிப் போவது என்று கேட்கிற மாதிரி. ஃப்ரீடாவுக்கு அந்த அப்பாவித்தனம் எரிச்சலைக் கிளப்பிவிட்டது. ஓடிக்கொண்டிருக்கிற டேட்டாபேஸின் பிளக்கை இப்படிப் பிடுங்கினால் இருபது வருஷ விவரமும் ஒரே நொடியில் பாழாகிவிடும், பெட்டியை அணைத்தால் விலாசம் மாறிவிடும், காலையிலிருந்து அவள் பைத்தியக்காரி மாதிரி கத்திக்கொண்டிருந்ததெல்லாம் இதற்காகத்தான் என்று கொட்டித் தீர்த்தாள். கரண்ட் போச்சா என்று கேட்டேனே, அப்போதாவது சொல்லியிருக்கலாமே என்றாள்.

“கரண்ட் போகலையே. நான்தானே எடுத்தேன்” என்றார் அப்பா.

“இருபது வருஷமா நான் இங்கதான் இருக்கேன். ஒரு நாள்கூட நீங்க இப்படிப் பண்ணி நான் பாத்ததில்லை.”

அப்பா ஆணியிலிருந்து ஒரு பிளக்கை எடுத்தார். மாட்டவில்லை, கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

பழைய கடை எரிந்தபோது ஃப்ரீடாவுக்குப் பதின்மூன்று வயது. எரிந்தது தெரியும். பின்னறையில் ஏதோ ஒரு வயர் உருகியதில் தீப்பிடித்தது என்று தெரியும். அப்போது அப்பா எங்கே இருந்தார் என்பதை வீட்டில் யாரும் பேசியதில்லை. இப்போது அவர் சொன்னார். காபிக்குப் போயிருந்தார். இருபதே நிமிஷம். கோப்பையைக் கீழே வைத்துவிட்டு ஜன்னல் வழியாகப் பார்த்தால் கரும்புகை. யார் வீட்டிலோ குப்பை எரிக்கிறார்கள் என்று அவரே முதலில் தமாஷ் பண்ணியிருக்கிறார்.

“அப்புறம் நீ கடைக்கு வந்த. மத்தியானம் ரொட்டியைக் கல்லாவுலயே வெச்சு சாப்பிடுவ. காபிக்கும் எழுந்து வர மாட்ட. ராத்திரி நீதான் பூட்டின. நீ உள்ள இருக்கேன்னுதான் இருபது வருஷமா நான் நிம்மதியா காபி குடிச்சேன், ஃப்ரீடா.”

தன்னைப் போக விடாமல் தடுக்க அப்பா சதி செய்கிறார் என்று நம்பி ஒன்றரை மணி நேரம் கார் ஓட்டி வந்திருக்கிறாள். வந்து பார்த்தால், இத்தனை வருஷமும் அவர் அவளைத் தீயணைப்பு நிலையம் மாதிரி நம்பிக்கொண்டிருந்திருக்கிறார். சதியாக இருந்திருந்தால் எவ்வளவோ சுலபம், சண்டை போட்டுவிட்டுப் போயிருக்கலாம்.

மணி மூன்றரை.

பிளக்கைப் பிடுங்காதீர்கள் என்று சொல்லலாம். சொன்னால் கேட்பார், பிறகு காபிக்கே போக மாட்டார். விலாசம் மாறாதபடி கம்பெனியிடம் நிரந்தர எண் வாங்கலாம். ஆனால் பெட்டியே அணைந்து கிடந்தால் எந்த எண்ணாலும் பிரயோஜனம் இல்லை. அப்போதுதான் அவளுக்குப் பட்டது, விவரம் எதற்காக இந்த அறையில் இருக்க வேண்டும்? அதை வெளியே எங்காவது வாடகை சர்வரில் வைத்துவிட்டால், இந்தக் கடையும் ஒரு வாடிக்கையாளர் மாதிரி அங்கே போய்த் தட்டிக்கொள்ளும், வினிபெக் லேப்டாப்பும் தட்டிக்கொள்ளும். அப்பா இஷ்டத்துக்குப் பிடுங்கலாம், மாட்டலாம். காலையிலேயே தோன்றியிருக்க வேண்டிய யோசனை. சர்வர் என்றால் பக்கத்து அறைதான் என்று இருபது வருஷமாக ஊறிப்போன தலைக்குத் தோன்றவில்லை.

பிளக்குகளை எல்லாம் மாட்டிவிட்டு உட்கார்ந்தாள். சர்வர் வாடகைக்கு எடுக்கப் பத்து நிமிஷம். மொத்த விவரத்தையும் நகல் எடுத்து மேலே அனுப்பினால் நூற்றுக்கு அறுபது போனதும் நின்றது. மறுபடி முதலிலிருந்து. கோர்னி வந்து எட்டிப் பார்த்தான், ஏதோ கேட்க வாயெடுத்தான், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு முன்பக்கம் போய்விட்டான். இரண்டாவது தடவை நகல் முழுதாகப் போய்ச் சேர்ந்தபோது நாலு மணி பத்து. புரோகிராமில் புது விலாசத்தைக் கொடுத்தாள். திறந்தது. தேடினால் சாமான் வந்தது. சீட்டு மட்டும் அச்சாகவில்லை.

ஏன் அச்சாகவில்லை? இருபது நிமிஷம் மண்டையை உடைத்துக்கொண்டாள். கடைசியில் பார்த்தால், சீட்டு அடிக்கிற பகுதியில் அந்த இருபத்தோரு வயதுப் பெண் பின்னறைக் கம்ப்யூட்டரின் பெயரை நேராகவே எழுதி வைத்திருந்தாள். இந்தக் கம்ப்யூட்டர் இங்கேயேதான் இருக்கும், நானும் இங்கேயேதான் இருப்பேன் என்று எத்தனை தைரியம் அவளுக்கு. ஃப்ரீடா அந்த வரியை அழித்து மாற்றி எழுதினாள்.

நாலு நாற்பதுக்குச் சீட்டு வந்து விழுந்தது.

கோர்னியைக் கூப்பிட்டு, பிடுங்கு என்றாள். அவன் ஒன்பது பிளக்கையும் பிடுங்கினான். கைபேசி இணையத்தில் லேப்டாப் மட்டும் தனியாகச் சாமான் தேடிக் காட்டியது. மாட்டு என்றாள். மாட்டினான். கடைக் கம்ப்யூட்டர் எழுந்து, தானாகப் போய்த் தட்டி, திறந்துகொண்டது. அப்பா கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார். தன் சட்டைப் பையிலிருந்து ஒரு பேரிங்கை எடுத்து அதன் எண்ணை வாசித்தார். ஏழாவது வரிசை, மேல்தட்டு, நாலு இருப்பு என்றாள் ஃப்ரீடா. அவர் போய் எண்ணிவிட்டு வந்தார்.

“நாலு இருக்கு” என்றார்.

சுவர்க் கடிகாரத்தில் நாலு ஐம்பது. அப்பாவும் அதைப் பார்த்தார்.

“ஒரு தடவைகூட சறுக்கக் கூடாதுன்னு சொல்லியிருந்தேன்.”

“ஆமா.”

“மூணு தடவை நின்னுது. நீ எழுந்தும் வந்துட்ட.”

“ஆமாப்பா. நான் தோத்துட்டேன்” என்றாள் ஃப்ரீடா. கைபேசியை எடுத்தாள். “தோத்துட்டுத்தான் போறேன்.”

பள்ளியில் ஒரு பெண்மணி எடுத்தாள். ஹேசல் திங்கட்கிழமை வருவாள், இடத்தை வேறு யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள் என்று ஃப்ரீடா சொன்னாள். அப்பா அந்த இடத்திலேயே நின்று முழுவதையும் கேட்டார். கோபமா, வருத்தமா என்று முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. போனை வைத்ததும் தொப்பியை மாட்டிக்கொண்டு முற்றத்துக்குப் போய்விட்டார். வெளியே தாடி லோவனின் லாரி வந்து நின்றது.

கோர்னி பின்னறை வாசலில் சாய்ந்து நின்றான். முப்பத்திரண்டு வயது, இன்னும் பெரியவர்களுக்கு முன்னால் கையைப் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு நிற்கிற பழக்கம் போகவில்லை.

“காலையிலேர்ந்து உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்னு இருந்தேன்.”

“சொல்லு.”

“ரொம்ப தூரத்துல, அல்பர்ட்டால வேலை கிடைச்சிருக்கு. நவம்பர் ஒண்ணாம் தேதி சேரணும். புதன்கிழமை கையெழுத்துப் போட்டு அனுப்பிட்டேன்.”

ஃப்ரீடா அவனையே பார்த்தாள். “அப்பாவுக்குத் தெரியுமா?”

“இல்லை.” அவன் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான், “நீ பந்தயத்துல தோத்துருவேன்னு நினைச்சேன் ஃப்ரீடா. நீ இங்கதானே இருக்கப்போறேங்கிற நம்பிக்கையிலதான் போட்டேன்.”

அவளுக்கு அவனை ஓங்கி ஓர் அறை விட வேண்டும் போலிருந்தது. அதே சமயம் அவன் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது. இரண்டில் எதையும் செய்யவில்லை. அவள் செய்ததைத்தான் அவனும் செய்திருக்கிறான், இரண்டு நாள் முன்னதாக.

முன்கதவு திறந்தது. தாடி லோவனை அனுப்பிவிட்டு அப்பா உள்ளே வந்தார். இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். தொண்டையைச் செருமினார். விட்டுக்கொடுக்கிற பேச்சு அவருக்கு வராது, அதனால் கணக்குச் சொல்கிற குரலில்தான் ஆரம்பித்தார்.

“குழந்தை பள்ளிக்கூடம் போகட்டும். அதுதான் சரி. யோசிச்சுப் பாத்துட்டேன். நீ அங்கேர்ந்து பாத்துக்கோ, நான் காபிக்குப் போற நேரத்துல கடையில கோர்னி இருக்கட்டும்.”

பிறகு, பல வாரங்களாக இல்லாத ஒரு நிம்மதியோடு, மகனின் தோளில் தட்டினார்.

“இவன் எங்க போகப் போறான்?”